படகுகளைத் திருப்பியவள்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை. ஏழாம் வகுப்புக்கு வைத்திருந்த ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வந்து வாங்கிக்கொண்டார். மழை வந்தால் அவருக்கு ஒரு சந்தோஷம், எனக்கு ஒரு எரிச்சல். பதினெட்டு வருஷமாக இப்படித்தான்.

மாலை ஐந்தரைக்கு வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ஜாஸ்மியையும் உட்கார வைத்துக்கொண்டேன். பள்ளிப் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப் போகிற நாட்களில் இனி அவள் பேசுவாள். நர்ஸ், பதற்றப்படாத பெண். புயலில் ஊரில் ஆறு பேர் போன பிறகு படகுக்காரர்கள் சேர்ந்து வாங்கிய பெட்டி இது. எங்கள் வீடு கோயிலை ஒட்டி மேட்டில் இருப்பதால் இங்கே வைத்தார்கள். காற்று, அலை, யார் வீட்டில் குழந்தை, யார் வீட்டில் சாவு, எதையும் சொல்லலாம் என்று ஜாஸ்மியிடம் சொன்னேன். 'திரும்புங்க' என்ற சொல்லை மட்டும் காற்றுக்குத் தவிர வேறு எதற்கும் எடுக்கக்கூடாது. அதைக் கேட்டால் காரணம் கேட்காமல் படகு திரும்ப வேண்டும் என்று ஊர் முடிவு. எட்டு வருஷத்தில் மூன்று தடவைதான் சொல்லியிருக்கிறேன்.

நேற்றுப் போன பதினொரு படகும் பதில் சொல்லின. கடைசியாக என் வீட்டுக்காரர். "ஏட்டி, சாப்பிட்டியா?" அத்தனை படகும் கேட்டுக்கொண்டிருக்கும் என்று தெரிந்தே தினமும் கேட்பார் இந்த எபிசன். மானம் போகிறது. ஜாஸ்மி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆன்ஸ்லின் வந்திருக்கிறான். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினேழு. ஊருக்கு அவன் என் தம்பி, எனக்கு அவன் மூத்த பிள்ளை. சென்னையில், புதிதாகத் தொடங்கப்போகிற ஒரு கால்பந்து லீகின் அலுவலகத்தில் வேலை. கசங்காத சட்டை போட்டுக்கொண்டு இரண்டு தட்டு சோறும் நெய்மீன் கறியும் சாப்பிட்டான்.

சாப்பிட்டு முடித்துச் சொன்னான். லீகில் எட்டு அணி. ஏழு ஊர் முடிவாகிவிட்டது. எட்டாவது அணிக்கு இரண்டே ஊர்தான் மிச்சம். ஒன்று ஒரு பெரிய நகரம். இன்னொன்று நாகர்கோவில்.

"நாகர்கோவிலா? நம்ம நாகர்கோவிலா?"

"பின்ன வேற எந்த நாகர்கோவிலு இருக்கு? புது ஸ்டேடியம் எக்கா. இருவதாயிரம் பேரு இருந்து பாக்கலாம்."

பெண்கள் அணி உண்டா என்று கேட்டேன். ரெண்டாம் வருஷத்தில் உண்டு என்றான். "கோச்சு வேணும்லா? உன்ன விட்டா வேற ஆரு?"

இந்த மாதிரிப் பேச்சை எல்லாம் ரொம்பப் பார்த்தவள் மாதிரி சிரித்துவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போனேன். ஆனால் நம்பினேன். இங்கே எழுதி வைக்கிறேன், அந்த நிமிஷமே நம்பினேன்.

ஆகஸ்ட் 23, சனி

நாகர்கோவில் போனேன். அணியைக் கேட்டு வாங்க அங்கே ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். தலைவர் மீரா முகைதீன் அண்ணன், கோட்டாற்றில் ஜவுளிக்கடை. அறுபது வயதிலும் ஞாயிற்றுக்கிழமை காலுறை மாட்டிக்கொண்டு ஆட இறங்குகிற மனிதர். கடை மாடியில் தெர்மோகோலில் ஸ்டேடியம் செய்து வைத்திருக்கிறார். பார்க்கிங் உண்டு, விளக்குக் கம்பம் உண்டு, புல்லுக்குப் பச்சைத் துணி. சேலைக் கட்டுகளுக்கு நடுவில் அது உட்கார்ந்திருந்தது. எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தோம். டிக்கெட் கவுண்டருக்குள் கூட எட்டிப் பார்த்தேன்.

"ஒன் தம்பி உள்ள இருக்கான், அந்தத் தைரியத்துலதான் எறங்கியிருக்கோம் மக்கா," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம், பெருமைதான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பூசை முடிந்து, அணி கேட்கிற மனுவுக்குக் கையெழுத்து வாங்கினோம். ஊரில் எழுதத் தெரிந்த எல்லோரும் போட்டார்கள். செபஸ்தியான் சிலைக்குப் பக்கத்தில் மேசை போட்டதற்குச் சாமியார் முகத்தைச் சுளித்தார், பிறகு அவரே வந்து போட்டார்.

செப்டம்பர் 3, புதன்

ஆன்ஸ்லின் போன். லீகின் ஆட்கள் பதினான்காம் தேதி நேரில் பார்க்க வருகிறார்களாம். நாகர்கோவிலில் நிலத்தைக் காட்டுவது ஒரு பக்கம். இந்த மாவட்டத்தில் பந்து எங்கே உயிரோடிருக்கிறது என்று காட்ட நம் ஊருக்குக் கூட்டி வருவானாம். மேட்ச் வேண்டும். நல்ல மேட்ச் வேண்டும்.

நம் ஊர் அணியில் பதினான்கு பேர் கடலில் இருக்கிறார்கள். கரையில் இருப்பவர்களை வைத்து ஆடினால் என் எட்டாம் வகுப்புப் பெண்களே நாலு கோல் போடுவார்கள்.

செப்டம்பர் 5, வெள்ளி

வயர்லெஸ்ஸில் விஷயத்தைச் சொல்லி, வர முடிந்தவர்கள் வாருங்கள் என்றேன். என் குரல் எட்டாத தூரப் படகுகளுக்கு, இடையில் நிற்கிற நடுப்படகு கேட்டு வாங்கிச் சொன்னது. நம் செண்டர் ஃபார்வர்ட் ஷிஜின் சொல்லியனுப்பிய பதில்: "டீச்சரே, கேரை மீனு இப்பந்தான் கடிக்கத் தொடங்கியிருக்கு. பந்து எங்கயும் ஓடிப்போவாது."

நியாயம்தானே. ஒரு மாதம் கடலில் கிடந்து பிடிக்கிற மீன். பந்துக்காக யார் விட்டுவிட்டு வருவார்கள்?

செப்டம்பர் 7, ஞாயிறு

ஆன்ஸ்லின் இன்றைக்கு ஐந்து தடவை போன் செய்தான். ஐந்தாவது தடவை அழுதான்.

"எக்கா, பெரிய நகரத்துல எல்லாம் இருக்கு. நம்மகிட்ட ஆட்டம் மட்டுந்தான் இருக்கு. அதையும் காட்டலன்னா அவ்வளவுதான். நீ 'திரும்புங்க'ன்னு ஒரு வார்த்த செல்லு, போதும். ஒருத்தனும் காரணம் கேக்க மாட்டான்."

"லே, அது எதுக்கு உள்ள வார்த்தைன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். கரைக்கு வந்து விஷயத்தக் கேட்டா அவனுவளே உன்னத் தூக்கி வச்சு ஆடுவானுவ."

முடியாது என்று வைத்துவிட்டேன். வைத்துவிட்டு, தெர்மோகோல் ஸ்டேடியத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பெண்பிள்ளைகளை எத்தனை வருஷம் பொட்டல் மணலில் ஓட விடுவது? பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருத்தியாக ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறாள். ஒரே ஒரு தடவை. யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு தடவை.

செப்டம்பர் 8, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மாதா பிறந்த நாள். இன்றைக்கா சொன்னேன்.

பதினான்கு பேர் இருப்பது நான்கு படகுகளில். நான்கு படகுகள் திரும்பினால் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த மடச்சி நான். காற்றுக்கு உள்ள சொல் நான்கு படகை மட்டும் தொடுமா? வாயை விட்டு வந்த பிறகுதான் உறைத்தது. "திருப்பியாச்சு", "திருப்பியாச்சு", "இதோ திருப்புதோம் டீச்சர்". பதினொன்றும். பக்கத்து ஊர்ப் படகு இரண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது, அவர்களும். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நிறுத்திச் சொல்லியிருக்கலாம். மைக் கையில்தான் இருந்தது. சொல்லவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் போய் நின்றேன். இறங்கியவர்கள் முதலில் வானத்தைப் பார்த்தார்கள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

படகுச் சங்கத் தலைவர் ஜான்ரோஸ் அண்ணன் தலையில் கட்டியிருந்த துவர்த்தை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். "டீச்சரே, தூண்டிலக் கடலுல அறுத்து உட்டுட்டு வந்திருக்கோம்." அவ்வளவுதான் சொன்னார். பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்ட கேள்வியை இங்கே எழுத மாட்டேன். கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்கள். மீனுக்குக் கொண்டுபோன ஐஸ் பாதி உடைக்காமலே கிடந்தது.

பிறகு ஷிஜின்தான் சிரித்தான். "நெசமாவே நமக்கு டீமு வருதா? அப்பம் ஸ்டேடியத்துல எனக்க பேர எழுதுவியளா?" அவன் சிரித்ததும் இன்னும் நான்கு பேர் சிரித்தார்கள். வேனில் ஏறும்போது யார் எங்கே ஆடுவது என்று சண்டை தொடங்கிவிட்டது. இந்த ஊர்க்காரர்களை என்ன செய்வது.

எபிசன் வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். "வழி முழுக்க ஜெபமால செல்லிட்டு வந்தோம் பெபிஷா. அந்த வார்த்தைய இதுக்கு எடுத்திருக்கப்பிடாது." கொஞ்சம் கழித்து, "சாரமில்ல, போவட்டு. டீமு வரட்டு," என்றார்.

டீமு வரட்டு. வராவிட்டால்?

செப்டம்பர் 14, ஞாயிறு

என்ன ஆட்டம்! எனக்க அம்மோ, என்ன ஆட்டம்!

நான்தான் விசில். குளச்சல் அணியை அழைத்திருந்தோம். மைதானத்தைச் சுற்றி மதில் மேல், தென்னை மேல், பள்ளிக்கூட மாடியில், நிறுத்தி வைத்த படகுக்குள் எல்லாம் ஆட்கள். குலசேகரத்திலிருந்து ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள், ரப்பர் பால்வெட்டு முடித்து நேராக வந்தவர்கள். ஷிஜின் பாதிக்கோட்டிலிருந்து எடுத்துப்போய்ப் போட்ட அந்தக் கோலுக்கு நான் விசில் ஊத மறந்து நின்றேன். எபிசன் பின்வரிசையில் ஒருவரையும் தாண்ட விடவில்லை. நாற்பத்தாறு வயது மனுஷன்!

லீகிலிருந்து மூன்று பேர் குடைக்கடியில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். ஒருவர் முழு நேரமும் வீடியோ எடுத்தார். ஆட்டத்தைக் குறைவாகவும் கூட்டத்தை அதிகமாகவும் எடுத்த மாதிரி எனக்குத் தோன்றியது. போகும்போது என் கையைக் குலுக்கி, மறக்க முடியாத நாள் என்றார்கள். ஆன்ஸ்லின் என்னைக் கட்டிப் பிடித்தான். ஜான்ரோஸ் அண்ணன் கூட அவன் தோளில் தட்டினார்.

செப்டம்பர் 17, புதன்

படகுகள் மறுபடி போய்விட்டன. போகும்போது எல்லாப் படகிலும் நாகர்கோவில் அணி என்று எழுதிய மஞ்சள் கொடி. மீரா முகைதீன் அண்ணன் கடைத் துணி.

செப்டம்பர் 29, திங்கள்

ஆன்ஸ்லின் போன் எடுக்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

அக்டோபர் 4, சனி

இன்றும் எடுக்கவில்லை. கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினான். கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அக்டோபர் 9, வியாழன்

ஆசிரியர் அறையில் வரலாறு சார் பேப்பரை என் பக்கம் திருப்பி வைத்தார். பெரிய நகரத்துக்கு எட்டாவது அணி. ஸ்டேடியத்துக்கு நிலமும் எழுதிக் கொடுத்தாயிற்று. ஒப்பந்தம் ஜூலை மாதமே கையெழுத்தானதாம், நிலம் கிடைக்கத்தான் தாமதமாம்.

ஜூலை மாதமே.

மூன்று தடவை வாசித்தேன். அடுத்த பீரியட் போய்ப் பிள்ளைகளை ஓடச் சொன்னேன். நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன், பாவம், அவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

மாலை வயர்லெஸ்ஸில் காற்று நிலவரம் மட்டும் சொன்னேன். நடுப்படகிலிருந்து, டீம் விஷயம் என்னாச்சு என்று கேட்டார்கள். வந்த பிறகு பேசலாம் என்றேன். போன தடவை போலவே, இதையும் அவர்கள் கரைக்கு வந்த பிறகுதான் சொல்லப்போகிறேன்.

அக்டோபர் 11, சனி

மீரா முகைதீன் அண்ணன் வீட்டுக்கே வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நாம போட்டியிலேயே இல்லாம இருந்திருக்கோம் மக்கா. அந்த நகரத்துக்காரங்கள மெரட்டுறதுக்கு நம்மள காட்டியிருக்காங்க," என்றார். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதற்கும் இடம் கொடுக்கவில்லை. அவன் சின்ன வேலைக்காரன், அவனுக்குத் தெரிந்திருக்காது. அவனையும் ஏமாற்றியிருப்பார்கள்.

அப்படித்தான் இருக்கும். இருக்க வேண்டும்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஆன்ஸ்லின் தீபாவளி விடுமுறைக்கு வந்தான். இனிப்புப் பெட்டியோடு.

"உனக்கு எப்பம் தெரியும்?"

"எக்கா, அது வந்து..."

"மாசத்தச் செல்லு."

தரையைப் பார்த்துக்கொண்டே, "ஜூலைல," என்றான்.

ஜூலை. அப்படியானால் ஆகஸ்டில் இந்த மேசையில் உட்கார்ந்து நெய்மீன் கறி கேட்டு வாங்கித் தின்றபோதே தெரியும். கோச்சு வேணும்லா என்று கேட்டபோது தெரியும். போனில் அழுதானே, அப்போதும் தெரியும். எப்படிடா அழுதாய்? கண்ணீர் எங்கிருந்து வந்தது?

"அவங்க நெலத்த எழுதித் தர இழுத்தடிச்சாங்க. எதிர்ல ஒரு ஊரு நிக்குதுன்னு காட்டணும்னு மேல இருந்து செல்லிட்டாவ. கூட்டமும் சத்தமும் நெசமா இருக்கணும். நம்ம ஊர விட்டா இவ்வளவு நெசமா ஆரு சத்தம் போடுவா? முடியாதுன்னா எனக்க வேலை போயிருக்கும் எக்கா."

"வேலைக்குன்னு கேட்டிருக்கலாம்லா லே. எனக்கு வேலை போயிரும், ஒரு பொய் மேட்ச் நடத்தித் தான்னு கேட்டிருக்கலாம்லா."

"கேட்டிருந்தா படகுகளக் கூப்பிட்டிருப்பியா?"

கூப்பிட்டிருக்க மாட்டேன். அது அவனுக்குத் தெரியும். அதனால்தான் என் பிள்ளைகளை வைத்து, என் ஆசையை வைத்துக் கேட்டிருக்கிறான். இந்த உலகத்தில் என்னை எங்கே தொட்டால் நான் விழுவேன் என்று தெரிந்த ஒரே ஆள் இவன். வளர்த்தவள் நான்தானே, தெரியாமல் இருக்குமா?

கடைசியில் சொன்னான், "ஆனா மேட்ச் நல்லாத்தான இருந்துச்சு?"

போ என்றேன். போனான். அந்தப் பெரிய நகரத்துக்கே அவனுக்கு மாற்றல் கிடைத்திருக்கிறதாம், கொஞ்சம் உயர்ந்த வேலையாம். இனிப்பைக் கோழிக்குப் போட்டேன். கோழியும் தின்னவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

படகுகள் வந்தன. மஞ்சள் கொடி ஒன்றில் கூட இல்லை. கடலிலேயே யாரோ போனில் செய்தி பார்த்திருக்கிறார்கள்.

எபிசனிடம் எல்லாம் சொன்னேன். ஜூலையையும் சொன்னேன். கேட்டு முடித்தார்.

"உன்ன அவன் ஏமாத்தினான். செரி. எங்கள ஏமாத்தினது ஆரு?"

பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசைக்குப் பிறகு ஊர்க் கூட்டம். திட்டுவார்கள் என்று தயாராகப் போயிருந்தேன். சத்தம் போட்டால் நானும் சத்தம் போடலாம், தொண்டை எனக்கும் உண்டு. யாரும் போடவில்லை.

ஜான்ரோஸ் அண்ணன்தான் எழுந்தார். "பெட்டி இனி ஜாஸ்மிக்க வீட்டுல இருக்கட்டு. டீச்சருக்கும் பள்ளிக்கூடம், பிள்ளைகள்னு ஆயிரம் சோலி உண்டுல்லா." என்னைப் பார்க்காமலே சொன்னார். எத்தனை மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

மதியத்துக்குள் இரண்டு பேர் வந்து கழற்றினார்கள். ஆண்டெனா கம்பம் இரண்டு வீட்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது, வயரை மட்டும் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 29, புதன்

எபிசன் கடலுக்குப் போனார். வாறேன் என்றார். எப்போதும் என் பெயரைச் சேர்த்துச் சொல்வார், இன்று சொல்லவில்லை.

நவம்பர் 12, புதன்

மாவட்டப் பள்ளிப் போட்டியில் பெண்கள் அரையிறுதி. யாரிடம் சொல்வது என்று யோசித்து, இங்கே எழுதுகிறேன்.

நவம்பர் 15, சனி

ஆன்ஸ்லின் எட்டு தடவை போன் செய்தான். எடுக்கவில்லை. ஒன்பதாவது வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமில்லாதவள்.

நவம்பர் 22, சனி

மதியம் மூன்றரைக்கு மீன்துறையிலிருந்து எனக்குப் போன். அவர்கள் பட்டியலில் இன்னும் என் எண்தான். தெற்கே காற்றழுத்தத் தாழ்வு நிலை பலமாகிறது, மேற்கில் இருக்கிற படகுகள் உடனே கரை சேர வேண்டும். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். தாளில் எழுதிக்கொண்டு ஜாஸ்மி வீட்டுக்கு ஓடினேன், செருப்புக்கூடப் போடவில்லை.

டியூட்டி முடித்து வந்து படுத்திருந்தவளை எழுப்பினேன். தாளைப் பார்த்துவிட்டு முகம் கழுவாமலே பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். மைக்கை எடுத்தாள், ஒரு நிமிஷம் என் பக்கம் நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

படகுகள் இந்த முறை கரைக்கு ஒரு நாள் தூரத்தில்தான் இருந்தன, நடுப்படகு வேண்டியிருக்கவில்லை, எல்லாம் நேராகவே எட்டின. "திரும்புங்க," என்றாள். இரண்டாவது தடவையும் சொன்னாள். முன்பெல்லாம் உடனே பதில் வரும். இன்று கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. இரைச்சல் மட்டும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு எபிசன்.

"செல்லுதது ஆரு? ஜாஸ்மியா?"

"ஓ, ஜாஸ்மிதான் மாமா."

"காத்துதானா மோளே? இல்ல, டீச்சரு செல்லச் சொன்னதா?"

ஜாஸ்மி மைக்கை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று சொல் என்று.

"இல்ல மாமா. டீச்சர் இஞ்ச இல்ல. மீன்துறையில இருந்து வந்த செய்தி."

"அப்பம் செரி. திருப்புதோம்," என்றார்.

அவர் சொன்ன பிறகு மற்றவர்களும் சொன்னார்கள். பதினொன்றும் ஆயிற்றா என்று விரல் மடக்கி எண்ணினேன். ஆயிற்று. மூச்சு விடுகிற சத்தம் கூடக் கேட்டுவிடக்கூடாது என்று அதுவரை வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றிருக்கிறேன்.